பிரிக்ஸ் விரிவதால் உலக வணிகத்தில் எது மாறுகிறது? – விவாத இழை

2025 ஜூலை 8, காலை – தொடக்கக் கேள்வி

ரியோ மாநாடு நேற்று முடிந்தது. இந்தோனேசியாவும் உள்ளே வந்தபின் பிரிக்ஸ் கூட்டணியில் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா, பின்னர் சேர்ந்தவை) 11 நாடுகள். உலக மக்களில் பாதிக்கு நெருக்கம். வாங்கும் திறன் கணக்கில் உலக உற்பத்தியில் ஏறக்குறைய 40 சதவீதம். இத்தனை நாடுகளும் தங்களுக்குள் வரியும் இல்லாமல், டாலரும் இல்லாமல் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் ஐந்தே ஆண்டில் உலக வணிகத்தின் முகம் மாறிவிடும் என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூலை 8, மாலை – பதில் (இனி வரும் குறிப்புகள் எல்லாம் என்னுடையவை)

"வரியும் இல்லாமல்" என்பதை முதலில் கழித்துவிடலாம். பிரிக்ஸுக்கென்று வரி அட்டவணை கிடையாது. உறுப்பினராக இருப்பதால் மட்டும் ஒரு கிலோ சரக்குக்கும் சுங்க வரி குறையாது.

உலகச் சரக்கு வணிகத்தின் அடிப்படை விதிகளான காட் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் வரியை உலக வணிக அமைப்பின் எல்லா உறுப்பினருக்கும் கொடுக்கச் சொல்கிறது. இதிலிருந்து விலக இரண்டு முக்கிய வழிகள்: 24-ஆம் பிரிவின்கீழ் தடையற்ற வணிக ஒப்பந்தம் அல்லது சுங்க ஒன்றியம், இல்லையேல் வளரும் நாடுகள் தமக்குள் சலுகை கொடுக்க 1979-இல் வந்த விதிவிலக்கு. பிரிக்ஸ் இவை இரண்டிலும் இல்லை. ஈரானும் எத்தியோப்பியாவும் உலக வணிக அமைப்பிலேயே இன்னும் உறுப்பினர் இல்லை.

பிரேசிலிலிருந்து எகிப்துக்குப் போகும் சரக்குக்குச் சலுகை கிடைக்கிறதென்றால் அது 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மெர்கோசூர் (பிரேசில் இருக்கும் தென்னமெரிக்க வணிகக் கூட்டணி)–எகிப்து ஒப்பந்தத்தால். இந்தியா–பிரேசில் இடையே கிடைப்பது 2009 ஜூனில் வந்த இந்தியா–மெர்கோசூர் ஒப்பந்தத்தால். அதிலும் இரு பக்கமும் சுமார் 450 வரி இனங்கள்தான், பலவற்றில் தள்ளுபடி 10 அல்லது 20 சதவீதமே. சீனா–இந்தோனேசியா இடையே ஆசியான்–சீனா ஒப்பந்தமும் ஆர்செப் என்ற ஆசிய–பசிபிக் வணிக ஒப்பந்தமும் உண்டு. எல்லாமே பிரிக்ஸுக்கு வெளியே போட்டவை.

ஒரு சரக்குக்கு உண்மையில் என்ன வரி என்று தெரிய வேண்டுமானால் இந்த வரிசையில் பாருங்கள். சரக்குகளை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீட்டின் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதன்பின் இறக்குமதி செய்யும் நாட்டின் எட்டு அல்லது பத்து இலக்கக் குறியீடு. அதற்குரிய பொது வரி. பிறகு அந்த இரு நாட்டுக்கு இடையே ஒப்பந்தம் இருந்தால் அதன் அட்டவணையில் அதே குறியீடு இருக்கிறதா, விலக்குப் பட்டியலில் போயிருக்கிறதா. கடைசியாகப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது மிக மலிவாகக் கொண்டுவந்து கொட்டும் சரக்குக்குப் போடும் வரி. சலுகை ஒப்பந்தம் இருந்தாலும் இந்தக் கடைசி வரி தனியாக ஏறும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

ஜூலை 9

நேற்று எழுதாமல் விட்டது: 40 சதவீதம் என்ற கணக்கு. வாங்கும் திறன் கணக்கு ஒரு நாட்டுக்குள் முடிவெட்டுவதையும் வீட்டு வாடகையையும் உலக விலையில் மதிப்பிடுகிறது. வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட அது சரி. வணிகத்துக்கு உதவாது. எண்ணெய்க் கப்பலுக்கும் கன்டெய்னருக்கும் சந்தை மாற்று விகிதத்தில்தான் பணம் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் எடுத்தால் பிரிக்ஸின் பங்கு கணிசமாகச் சுருங்கும், சுருங்கியதிலும் பெரும்பகுதி சீனா ஒன்றுடையது.

11 நாடு என்பதையும் கவனித்துச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு நாடுகளை அழைத்தார்கள். அர்ஜென்டினா அந்த ஆண்டு டிசம்பரிலேயே மறுத்துவிட்டது. எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் 2024 ஜனவரி 1-இல் சேர்ந்தன. இந்தோனேசியா 2025 ஜனவரியில். பட்டியலில் சவூதியின் பெயர் இருக்கிறது; சேர்ந்துவிட்டோம் என்று சவூதி முறைப்படி அறிவிக்கவில்லை. எண்ணெய் வணிகம் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல.

ஜூலை 11

"டாலர் இல்லாமல்" என்பதற்கு வருகிறேன். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கு வேறு விஷயங்களை ஒரே சொல்லில் கட்டிவிடுகிறார்கள்: விலையை எந்தப் பணத்தில் பேசுகிறோம், இன்வாய்ஸை எந்தப் பணத்தில் எழுதுகிறோம், வங்கிகளுக்கு இடையே செய்தி எந்த வலையில் போகிறது, கடைசியில் எந்தக் கணக்கில் பணம் வந்து நிற்கிறது.

அமீரகத்தின் பணமான திர்ஹாமில் பணம் கட்டி வாங்கும் கச்சா எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். விலை துபாய் அல்லது பிரென்ட் அளவுகோலை ஒட்டிப் பேசப்படும். இரண்டும் டாலரில் வெளிவருபவை. இன்வாய்ஸ் திர்ஹாமில். திர்ஹாமோ 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டது. அதாவது விலையும் டாலர், மதிப்பும் டாலர். மாறியது, பணம் நியூயார்க்கில் உள்ள வங்கி வழியாகப் போகாதது மட்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை போலத் தெரியும். ஆனால் தடையில் சிக்கியவருக்கு நியூயார்க்கைத் தொடாமல் போவதுதான் முழு நோக்கமும். 2022-இல் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பு முடக்கப்பட்டதை எல்லா நாட்டு மத்திய வங்கிகளும் பார்த்தன. புதிய வழிகளைத் தேடும் வேகம் அங்கிருந்து வந்தது. கூட்டணியில் எத்தனை பேர் என்பதிலிருந்து அல்ல.

எல்லை தாண்டி யுவானில் பணம் செலுத்தும் சீனாவின் சிப்ஸ் வலை 2015 அக்டோபரில் தொடங்கியது. அதில் நேரடியாக இணையாத வங்கிகள் பல இன்றும் செய்தியை வங்கிகளின் பன்னாட்டுச் செய்தி வலையான ஸ்விஃப்ட் வழியேதான் அனுப்புகின்றன. எம்-பிரிட்ஜ் என்ற மத்திய வங்கி டிஜிட்டல் பணத் திட்டத்திலிருந்து மத்திய வங்கிகளுக்கான பன்னாட்டுத் தீர்வு வங்கி 2024 அக்டோபரில் விலகிக்கொண்டது; சீனா, ஹாங்காங், தாய்லாந்து, அமீரகம், சவூதி அதைத் தொடர்கின்றன. "பிரிக்ஸ் நாணயம்" என்பதோ எந்த அறிக்கையிலும் ஒத்துக்கொள்ளப்பட்டதல்ல. 2024-இல் கசான் மாநாட்டில் படம் எடுத்துப் பரப்பிய நோட்டு வெறும் அடையாளத்துக்கு அச்சிட்டது.

ஜூலை 12

உள்ளூர்ப் பணத்தில் வணிகக் கணக்கைத் தீர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜூலை 11-இல் வெளியிட்ட ரூபாய் முறையை வைத்துச் சொல்கிறேன். மற்ற நாடுகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

எதிர்நாட்டு வங்கி, இந்தியாவில் உள்ள ஒரு வங்கியில் சிறப்பு ரூபாய் வாஸ்ட்ரோ கணக்கு திறக்கும். இந்திய வங்கி அதற்கு ரிசர்வ் வங்கியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். இந்திய இறக்குமதியாளர் தன் பில் தொகையை ரூபாயாக அந்தக் கணக்கில் கட்டுவார். எதிர்நாட்டு விற்பனையாளருக்கு அவர் நாட்டு வங்கி அவர் பணத்தில் கொடுத்துவிடும். மறுபக்கம், இந்திய ஏற்றுமதியாளரின் பில் வரும்போது அதே கணக்கில் கிடக்கும் ரூபாயிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். எல்லை தாண்டிப் பணமே போவதில்லை. கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும்தான்.

தவறு நடக்கும் இடங்கள் எல்லாமே காகிதத்தில். ஒப்பந்தம், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) மூன்றிலும் ரூபாய் என்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை டாலரில் போட்டுவிட்டுப் பிறகு ரூபாயில் வாங்கினால் வங்கியில் பில்லை ஏற்றுமதிப் பதிவோடு பொருத்துவது சிக்கும். வாங்குபவரின் வங்கிக்கு வாஸ்ட்ரோ கணக்கு இருக்கிறதா என்பதைச் சரக்கு ஏற்றும் முன்பே கேட்டுவிட வேண்டும். முன்பணம் வாங்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் இருக்கும் பணம், ஏற்கனவே அனுப்பிய சரக்கின் பில்களுக்குப் போன பிறகுதான் முன்பணத்துக்கு வரும். எல்சி (வாங்குபவரின் வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம்) வைத்தால் அதற்கு வழக்கமான யூசிபி 600 என்ற பன்னாட்டு விதிகளே: எல்சியில் வேறு காலம் குறிக்காவிட்டால் கப்பலேற்றிய 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், வங்கி ஐந்து வேலைநாளில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

விகிதம்தான் இன்னொரு உறுத்தல். ரூபாய்–ரூபிள் நேரடிச் சந்தை மெல்லியது. வங்கி விலை சொல்லும்போது ரூபாய்–டாலர், டாலர்–ரூபிள் என்று இரண்டு விலையைப் பெருக்கித்தான் சொல்லும். இரண்டு இடத்திலும் வங்கி வைக்கும் வாங்கும்–விற்கும் விலை வித்தியாசம் ஏறும்.

ஜூலை 15

மேலே உள்ள முறை ஒழுங்காக ஓட ஒரே நிபந்தனை: வாங்குவதும் விற்பதும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். நான் இந்த இழையில் சொல்ல நினைப்பதும் இந்த ஒன்றைத்தான்.

2024–25 நிதியாண்டில் இந்தியா ரஷ்யாவிடம் வாங்கியது சுமார் 6,384 கோடி டாலர். விற்றது சுமார் 488 கோடி. பதின்மூன்றுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ரூபாயில் தீர்த்திருந்தால் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு வாஸ்ட்ரோ கணக்கில் தேங்கும். 2023 மே மாதமே ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் கோவாவில் வெளிப்படையாகச் சொன்னார்: இந்திய வங்கிகளில் பல நூறு கோடி ரூபாய் சேர்ந்துவிட்டது, அதை வேறு பணமாக மாற்ற வேண்டும் என்று. அதன்பின் எண்ணெய்க்கு திர்ஹாமும் யுவானும் அதிகம் புழங்க ஆரம்பித்ததில் வியப்பில்லை.

ரஷ்யா–சீனா இடையே உள்ளூர்ப் பணம் ஓடுகிறதே என்பார்கள். ஓடும். சீனா எண்ணெய் வாங்குகிறது, ரஷ்யா காரும் இயந்திரமும் மின்னணுப் பொருளும் வாங்குகிறது. இரு பக்கமும் எடை நிற்கிறது. உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்த எடை தானாக வராது.

ஜூலை 16

நேற்றைய குறிப்பில் ஒரு குறை. இரண்டு நாட்டுக்கு இடையே சமமில்லாவிட்டாலும் பல நாடுகளைச் சேர்த்து நிகரம் பார்த்தால் தீரும். அங்கேதான் கூட்டணி பெரிதாவதற்கு உண்மையான பொருள் உண்டு. இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

அ நாடு ஆ நாட்டுக்கு 100 தர வேண்டும். ஆ, இ-க்கு 80. இ, அ-வுக்கு 70. தனித்தனியாகத் தீர்த்தால் 250 கைமாற வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கழித்தால் அ கட்ட வேண்டியது 30. ஆ பெறுவது 20. இ பெறுவது 10. 250-க்குப் பதில் 30 போதும்.

இதை ஐரோப்பா செய்து காட்டியது. 1950 முதல் 1958 வரை ஓடிய ஐரோப்பியக் கொடுப்பனவு ஒன்றியம் மாதாமாதம் நிகரம் பார்த்தது. மிச்சத்தில் ஒரு பங்கு கடனாக நிற்கும், ஒரு பங்கு தங்கமாகவோ டாலராகவோ தீரும். அமெரிக்கா 35 கோடி டாலர் முதல் போட்டதால்தான் அது நின்றது. ஆசியாவிலும் 1974-இல் உருவான ஆசியத் தீர்வு ஒன்றியம் டெஹ்ரானில் இருந்து இயங்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிகரத் தொகையைத் தீர்க்கிறது. மிச்சத்தை எதில் தீர்க்கிறார்கள்? டாலர், யூரோ, யென். 2022 அக்டோபரில் இலங்கையின் மத்திய வங்கி அதன் வழியான தீர்வை நிறுத்தியதும் அந்த மிச்சத்தைக் கட்ட அந்நியச் செலாவணி இல்லாத நெருக்கடியில்தான்.

ஆக, பிரிக்ஸுக்கு ஒரு தீர்வு மையம் வந்தாலும் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். மிச்சம் எந்தப் பணத்தில்? பணம் கட்டாத நாட்டுக்கு யார் பொறுப்பு? சீனா பல உறுப்பினரோடு உபரி வைத்திருக்கும் நாடு. மிச்சம் யுவானில் என்றால் மற்றவர்கள் டாலரை விட்டு யுவானுக்குள் போவார்கள். அதை இந்தியாவோ பிரேசிலோ எளிதில் ஏற்காது.

ஜூலை 21

கேள்வி: 1974-இல் போட்ட 50 ஆண்டு பெட்ரோடாலர் ஒப்பந்தம் 2024 ஜூனில் முடிந்துவிட்டதே?

அப்படியொரு ஒப்பந்தம் கிடையாது. 1974 ஜூன் 8-இல் அமெரிக்காவும் சவூதியும் கையெழுத்திட்டது பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டு ஆணையம். எண்ணெயை டாலரில் மட்டும் விற்க வேண்டும் என்ற கட்டளையோ 50 ஆண்டு கெடுவோ அதில் இல்லை. சவூதி டாலரை வைத்திருப்பது ரியால் டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருப்பதால். உபரிப் பணத்தைப் போட்டுவைக்க அவ்வளவு ஆழமான கடன்பத்திரச் சந்தை வேறில்லை என்பதால். தயவுசெய்து இதை மேலும் பரப்ப வேண்டாம்.

ஜூலை 29

உண்மையாகவே வரியைக் குறைக்கும் கூட்டணி எப்படி வேலை செய்கிறது என்று ஒப்பிட ஆர்செப். 2022 ஜனவரி 1-இல் நடைமுறை. ஆசியான் பத்தும் சீனா, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும். இந்தியா 2019 நவம்பரில் வெளியே வந்துவிட்டது.

சலுகை வரி கிடைக்கப் பல பொருளுக்கு விதி: மண்டல மதிப்பு (ஆர்செப் நாடுகளுக்குள் சேர்ந்த மதிப்பு) 40 சதவீதம். கணக்கு எளிது. எஃப்ஓபி விலையிலிருந்து (கப்பலில் ஏற்றும்வரையான விலை) வெளிநாட்டு மூலப்பொருளின் மதிப்பைக் கழித்து, எஃப்ஓபி விலையால் வகுக்க வேண்டும். எஃப்ஓபி 100, வெளிப்பொருள் 62 என்றால் வருவது 38. சலுகை இல்லை. அந்த 62-இல் 10 பங்கு இன்னோர் ஆர்செப் நாட்டில் முறையாக விளைந்ததாகவோ செய்யப்பட்டதாகவோ இருந்தால் அதைக் கழித்துவிடலாம்; வெளிப்பொருள் 52, மண்டல மதிப்பு 48, சலுகை உண்டு. ஒரு தொழிற்சாலை தன் உதிரிபாகத்தை எங்கே வாங்குவது என்பதை இந்தப் பத்துப் பங்கு மாற்றிவிடும். உலக வணிகத்தைக் கூட்டணி மாற்றுவது என்றால் இதுதான். பிரிக்ஸில் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

பொருள் எந்த நாட்டில் உருவானது என்ற சான்றிதழ் எங்கே அடிபடும்: ஏற்றுமதி நாடும் இறக்குமதி நாடும் ஒரே பொருளுக்கு வேறு ஆறு இலக்கம் போட்டால், மூன்றாம் நாட்டு நிறுவனம் இன்வாய்ஸ் எழுதியதைச் சான்றிதழில் குறிக்காவிட்டால், வழியில் இறக்கி ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டை விட்டு வெளியே போனதாகத் தெரிந்தால்.

ஆகஸ்ட் 7

நேற்று முதல் பிரேசில் பொருளுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி. விமானம், ஆரஞ்சுச் சாறு உட்படப் பல விலக்கு. காபிக்கும் மாட்டிறைச்சிக்கும் விலக்கு இல்லை. எல்லாரும் "இனி பிரிக்ஸ் சந்தை வாங்கிக்கொள்ளும்" என்கிறார்கள். சோயாவை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அது ஏற்கனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

2018 ஜூலையில் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. வாங்கல் பிரேசில் பக்கம் சாய்ந்தது. 2024-இல் சீனா இறக்கிய சோயாவில் பத்தில் ஏழு பங்கு பிரேசிலுடையது. இருவரும் பிரிக்ஸ். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் அமெரிக்கா இல்லை. ஆனாலும் விலை எப்படிக் கட்டுகிறார்கள் பாருங்கள். சிகாகோ முன்பேரச் சந்தையின் விலை, ஒரு புஷலுக்கு இத்தனை சென்ட். அதன்மேல் பிரேசில் துறைமுகத்தின் பிரீமியம், அதுவும் சென்ட்டில். எடுத்துக்காட்டுக்கு 1,050 சென்ட்டும் 150 சென்ட்டும் சேர்ந்து 1,200, அதாவது 12 டாலர். ஒரு டன்னுக்கு 36.74 புஷல், ஆக டன் சுமார் 441 டாலர். 66,000 டன் ஏற்றும் பனாமாக்ஸ் கப்பல் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.9 கோடி டாலர்.

சீனா அமெரிக்காவிடம் வாங்காமல் விட்டால் சிகாகோ விலை இறங்கும், பிரேசில் பிரீமியம் ஏறும். பிரீமியம் 50 சென்ட் ஏறினால் டன்னுக்கு 18 டாலருக்கு மேல். ஒரு கப்பலுக்கு 12 லட்சம் டாலர். அதை வாங்குபவர் கொடுக்கிறார். பிரேசில் அறுவடை ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அமெரிக்க அறுவடை செப்டம்பர் முதல். நவம்பர்–ஜனவரியில் பிரேசில் கையிருப்பு மெலியும்போது இந்த அழுத்தம் உச்சத்துக்குப் போகும்.

கசான் அறிக்கையில் வந்த பிரிக்ஸ் தானியச் சந்தை யோசனை இதை உடைக்கத்தான். நல்ல யோசனை. ஆனால் சந்தை ஒன்று நிற்க வேண்டுமானால் ஒப்படைக்கத்தக்க தரம் (ஈரப்பதம், உடைந்த மணி, அந்நியப் பொருள்) எல்லார்க்கும் ஒன்றாக வேண்டும். நம்பத்தக்க கிடங்குகள் வேண்டும். தினமும் லாப நட்டம் கணக்கிட்டு மார்ஜின் (ஈட்டுத் தொகை) வாங்கும் தீர்வகம் வேண்டும். உடனே எதிர்ப்பக்கம் நிற்க வியாபாரிகள் வேண்டும். கடைசியானதை அறிக்கையால் உண்டாக்க முடியாது.

ஆகஸ்ட் 7, இரவு

சேர்க்க வேண்டியது: 2025 ஜனவரியில் பிரேசிலின் ஐந்து ஏற்றுமதிக் கூடங்களிலிருந்து வந்த சோயாவைச் சீனா நிறுத்திவைத்தது. பூச்சிமருந்து பூசிய விதைமணி கலந்திருந்ததும் ஒரு காரணம். உறுப்பினருக்குள் சரக்கை நிறுத்துவது பெரும்பாலும் வரியல்ல, தாவரநலச் சான்றும் கூடத்தின் பதிவும்தான்.

ஆகஸ்ட் 13

ஜூலை 12 குறிப்பைத் திருத்திப் படிக்கவும். வாஸ்ட்ரோ கணக்கு திறக்க முன் அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தேன். இந்த மாதம் ரிசர்வ் வங்கி அதை நீக்கிவிட்டது, வங்கிகளே திறக்கலாம். கணக்கில் தேங்கும் உபரி முழுவதையும் அரசுப் பத்திரங்களில் போடலாம் என்றும் தெளிவாக்கியிருக்கிறது. தேங்கும் பணத்துக்கு வட்டி கிடைக்கும் என்பது நல்ல மாற்றம். ஆனால் ஜூலை 15-இல் சொன்ன சமமின்மை அப்படியே இருக்கிறது. தேக்கத்தைத் தாங்கிக்கொள்ள எளிதாக்கியிருக்கிறார்கள், தேக்கத்தை வடிக்கவில்லை.

ஆகஸ்ட் 28

நேற்றிலிருந்து இந்தியப் பொருளுக்கும் 50 சதவீதம்: 25-உம், ரஷ்ய எண்ணெய்க்காக இன்னொரு 25-உம். கூட்டணியில் மற்றவர்கள் பதில் வரி போட்டார்களா? இல்லை. பிரிக்ஸில் அப்படி ஒரு கடமையே எழுதப்படவில்லை. ஒவ்வொரு தலைநகரும் வாஷிங்டனோடு தனியாகத்தான் பேசுகிறது.

செப்டம்பர் 4

பாதைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வடக்கு–தெற்குப் பன்னாட்டுப் போக்குவரத்துத் தடம் 7,200 கிலோமீட்டர். இந்தியா, ஈரான், ரஷ்யா 2000-இல் கையெழுத்திட்டவை. மும்பையிலிருந்து பந்தர் அப்பாஸ் வரை கப்பல், ஈரானுக்குள் ரயில் அல்லது லாரி, பிறகு காஸ்பியன் கடலோ மேற்கு ரயில் பாதையோ. மேற்குப் பாதையில் ராஷ்ட்–அஸ்தாரா இடையே 162 கிலோமீட்டர் தண்டவாளம் இன்னும் இல்லை. 2023 மே மாதம் ரஷ்யாவும் ஈரானும் அதற்கு ஒப்பந்தம் போட்டன. அது முடிந்தாலும் ஈரானின் ரயில்பாதை அகலம் 1,435 மில்லிமீட்டர், அஜர்பைஜான்–ரஷ்யாவில் 1,520. எல்லையில் கன்டெய்னரைத் தூக்கி வேறு வண்டியில் வைக்க வேண்டும், இல்லையேல் சக்கரத் தொகுதியை மாற்ற வேண்டும். காஸ்பியன் வழியில் போனால் வோல்கா கழிமுகம் குளிர்காலத்தில் உறையும்.

இதில் ஒரு விநோதச் சேர்க்கை. இந்தியாவிலிருந்து போவது மருந்து, இயந்திரம், தேயிலை, துணி – கன்டெய்னரில். அங்கிருந்து வருவது எண்ணெய், நிலக்கரி, உரம் – மொத்தச் சரக்குக் கப்பலில். ஆகவே பெட்டி அங்கே தேங்குகிறது, ரூபாய் இங்கே தேங்குகிறது. காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு போகும் சரக்கின் வாடகையில் ஏறும்.

காப்பீடும் உண்டு. உலகக் கப்பல் டன்னளவில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு கொடுப்பது கப்பல் உரிமையாளர்களின் பன்னிரண்டு காப்பீட்டுக் கிளப்கள் சேர்ந்த ஒரே குழு. நேற்று முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரஷ்ய எண்ணெய் விலை உச்சவரம்பு பீப்பாய்க்கு 60 டாலரிலிருந்து 47.6-க்கு இறங்கியிருக்கிறது. அதற்குமேல் விற்றால் இந்தக் குழுவின் காப்பீடு கிடைக்காது. துறைமுகம் வேறு காப்பீட்டை ஏற்குமா என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. பிரிக்ஸுக்குப் பொதுவான மறுகாப்பீடு இதுவரை பேச்சளவில்தான்.

அக்டோபர் 10

நேற்று சீனா அரிய மண் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை இன்னும் ஐந்து தனிமங்களுக்கு நீட்டியது. ஏப்ரல் 4-இல் ஏற்கனவே ஏழு: சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். கவனிக்க வேண்டியது: பிரிக்ஸ் உறுப்பினருக்கு விலக்கு இல்லை. இந்தியக் கார் உதிரிபாகக் கம்பெனிகளும் இறுதிப் பயனர் சான்று கொடுத்து, உரிமத்துக்குக் காத்திருந்தார்கள். மின்மோட்டாருக்குள் போகும் நியோடிமியம் காந்தத்தில் டிஸ்ப்ரோசியம் சில சதவீதமே. அது இல்லாமல் காந்தம் சூட்டில் வலுவிழக்கும். சில கிராம் பொருளுக்காக முழு வண்டியும் வரிசையில் நிற்கும்.

சீனாவை மட்டும் சொல்வது நியாயமில்லை. இந்தோனேசியா 2020 ஜனவரியிலிருந்து நிக்கல் தாதுவை வெளியே விடவில்லை. இந்தியா 2023 ஜூலை முதல் 2024 செப்டம்பர் வரை பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் உள்நாட்டுக் காரணம் உண்டு. ஆனால் கூட்டாளிக்கு முன்னறிவிப்புக் கொடுக்கவேனும் ஒரு விதி இருந்தால் ஆப்பிரிக்காவில் அரிசி வாங்கும் நாடுகள் அவ்வளவு அல்லாடியிருக்காது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விடுபாடு.

அக்டோபர் 24

நேற்று முன்தினம் அமெரிக்கா ரஷ்ய எண்ணெய் நிறுவனங்களான ரோஸ்நெஃப்ட், லுக்காயில் இரண்டையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. எந்தப் பணத்தில் இன்வாய்ஸ் என்பது இங்கே உதவாது. ரூபாயில் கட்டினாலும், யுவானில் கட்டினாலும், பணம் கொடுத்த வங்கிக்கு டாலர் கணக்கு இருந்தால் அதை இழக்கும் அபாயம் உண்டு. அமெரிக்காவின் 2023 டிசம்பர் தடை உத்தரவுக்குப் பின் சீன வங்கிகளே ரஷ்யக் கொடுப்பனவுகளைத் தாமதித்தது இதனால்தான். டாலர் வலையில் காலே வைக்காத சிறு வங்கிகள்தான் இதற்குப் பயன்படும். அவற்றால் பெரிய தொகையைத் தாங்க முடியாது.

"நெருக்கடி வந்தால் பிரிக்ஸ் நிதி இருக்கிறதே" என்ற கேள்விக்கும் இங்கேயே: 2014-இல் ஒப்புக்கொண்ட அவசரக் கையிருப்பு ஏற்பாடு 10,000 கோடி டாலர். சீனா 4,100, பிரேசில், ரஷ்யா, இந்தியா தலா 1,800, தென்னாப்பிரிக்கா 500. இந்தியா அதிகபட்சம் 1,800 கோடி கேட்கலாம்; அதில் 30 சதவீதம், அதாவது 540 கோடி மட்டுமே நேரடியாக. மீதி 70 சதவீதத்துக்குப் பன்னாட்டு நிதியத்தின் திட்டம் வேண்டும். கணக்கும் டாலரில். புதிய வளர்ச்சி வங்கி வேறு. அது உள்கட்டமைப்புக்குக் கடன் கொடுப்பது. 2022–26-இல் 30 சதவீதக் கடனை உள்ளூர்ப் பணத்தில் கொடுப்பது அதன் இலக்கு. கடன் வாங்கும் நகராட்சிக்கோ மின்வாரியத்துக்கோ வருமானம் உள்ளூர்ப் பணத்தில்தான் என்பதால் அது உருப்படியான இலக்கு; இந்த இழையில் நான் முழுமனதாகப் பாராட்டும் ஒன்று.

நவம்பர் 22

இரண்டு திருத்தம். அக்டோபர் 9 அரிய மண் கட்டுப்பாடுகளைச் சீனா ஓராண்டுக்கு நிறுத்திவைத்துவிட்டது. ஏப்ரல் மாத ஏழு தனிம உரிமம் அப்படியே இருக்கிறது. பிரேசில் காபிக்கும் மாட்டிறைச்சிக்கும் போட்ட 50-இல் கூடுதலான 40 சதவீதத்தை அமெரிக்கா நேற்று முன்தினம் விலக்கிக்கொண்டது. விலக்கியதற்குக் காரணம் அமெரிக்கக் கடைகளில் ஏறிய விலை. பிரிக்ஸின் எதிர்ப்பு அல்ல.

நவம்பர் 23

தொடக்கக் கேள்வி கேட்டவர் மறுபடி கேட்டிருக்கிறார்: 2026-இல் இந்தியா தலைமையில் நடக்கும் மாநாட்டு அறிக்கையில் எதைத் தேடிப் பார்ப்பது?

எத்தனை நாடு சேர்ந்தது என்ற பத்தியைத் தாண்டிப் போங்கள். உள்ளூர்ப் பணம் பற்றிய பத்தியில் "தீர்வு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கால இடைவெளி இருக்கிறதா, மாதமா இரண்டு மாதமா. மிச்சத் தொகையைத் தீர்க்கும் பணத்தின் பெயர் எழுதியிருக்கிறதா. கட்டத் தவறினால் யார் எவ்வளவு ஏற்பார்கள் என்று ஒரு தொகை இருக்கிறதா. தானியச் சந்தைக்கு ஒப்படைப்புத் துறைமுகங்களின் பெயர் வந்திருக்கிறதா. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே இங்கே எழுதுகிறேன்; ஜூலை 16 கணக்கை நிஜ எண்களோடு திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.